முதல் வருகை

படிவத்தின் ஏழாவது கேள்வி:
இதற்கு முன் இந்நாட்டில் வேலை செய்ததுண்டா?
பேனாவைக் கடித்துக்கொண்டு
அரை நாள் உட்கார்ந்திருந்தேன்.

பதினோரு வருடம், ஐயா.
உங்கள் ஆஸ்பரகஸ் வயல்களில்
விடியுமுன் குனிந்து
வெயில் ஏறியபின் நிமிர்ந்தவள்.
ஓர் இரவில் ஒரு சாண் வளரும் அந்தத் தண்டை அறுக்க
கத்தி எப்படிச் சாயவேண்டும் என்று
உங்கள் நாட்டுக்காரர் ஆறு பேருக்குச்
சொல்லிக்கொடுத்தவள்.

'இல்லை' என்ற கட்டத்தில்
ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

ஃபூரி முதலாளி கடிதம் கொடுத்தார்.
லெசோத்தோவைச் சேர்ந்த லிமகாட்சோ என்னும் பெண்ணை
வரும் மாதம் முதல்
வேலைக்கு வைத்துக்கொள்ளச் சம்மதம்.
கையெழுத்துப் போட்டுவிட்டு
என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:
தெற்கு மூலையில் வாய்க்கால் அடைத்திருக்கிறதே,
போன வருடம் எப்படித் திறந்தாய்?

அப்புறம் மார்புப் படம். காசநோய் இல்லை.
அப்புறம் போலீஸ் சான்றிதழ்.
மசேருவில் மூன்று நாள் வரிசை.
முன்னால் நின்றவன் தன் கம்பளிப் போர்வையின் ஊசியைக்
கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான்.
'குற்றம் ஏதுமில்லை' என்று
முத்திரையோடு வந்தது தாள்.
ஆற்றை நினைத்தேன், சிரிப்பு வந்தது.
இருமலாக மாற்றிக்கொண்டேன்.
மார்புப் படம் நினைவுக்கு வர
இருமலையும் விழுங்கினேன்.

மொஹோகாரே.
வரைபடத்தில் அதற்கு வேறு பெயர்.
குளிர்காலத்தில் முழங்கால்வரை,
டிசம்பர் மழையில் கழுத்துவரை.
மூன்றாம் பாறை வழுக்கும், நான்காம் பாறை பொய்.
இருபது ராண்ட் வாங்கிக்கொண்டு
முதுகில் சுமந்து அக்கரை சேர்ப்பான் கெதிசா.
மாவு மூட்டைக்குப் பாதி,
கர்ப்பிணிக்கு ஒன்றரைப் பங்கு.
அது ஒன்றுக்காகத்தான்
அவனோடு சண்டை போட்டிருக்கிறேன்.

புசெலெட்சோ
அந்த இருபதை மிச்சம் பிடிக்கத் தனியாக இறங்கினாள்.
அவள் காலணிகள் மட்டும்
இந்தக் கரையிலேயே இருந்தன,
ஒன்றின்மேல் ஒன்றாக, ஒழுங்காக.
எந்த நாட்டில் செத்தாள் என்று
இரண்டு நாட்டு அலுவலகங்களும்
ஒரு வாரம் கடிதம் எழுதிக்கொண்டன.

ஒன்பதாம் மாதம் அனுமதி வந்தது.
கடவுச்சீட்டின் பதினான்காம் பக்கத்தில்
ஒரு பச்சைத் தாள், அதில்
திருடியைப் போல் விழிக்கும் என் முகம்.

பாலத்தில் ஏறுமுன்
கை தானாகச் செருப்பைக் கழற்றக் குனிந்தது.
பின்னால் வந்தவள் முட்டிக்கொண்டு திட்டினாள்.

நடுப்பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தேன்.
கீழே கெதிசா.
முதுகில் யாரோ ஒரு புதுப் பெண்,
தலையில் முடிச்சிட்ட பிளாஸ்டிக் பை.
அவனும் அண்ணாந்து பார்த்தான்.
இரு கையும் அவள் கால்களைப் பிடித்திருந்ததால்
தாடையை மட்டும் உயர்த்தினான்.
'நான்காம் பாறை' என்று கத்த வாயெடுத்தேன்.
பக்கத்தில் சீருடை நின்றது.
கடவுச்சீட்டால் விசிறிக்கொண்டு
நடந்தேன்.

"முதல் வருகையா?"
கண்ணாடிக்குப் பின்னிருந்த பையனுக்கு
மீசை இன்னும் சரியாக அரும்பவில்லை.
நான் முதன்முதல் நனைந்து கரையேறிய வருடம்
எங்கோ வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்திருப்பான்.

"ஆமாம், முதல் வருகை."

முத்திரை விழுந்தது.
நல்ல மனசுக்காரன் போலும்,
பேனா முனையால் வழியும் காட்டினான்.
நேரே போனால் பெட்ரோல் நிலையம்.
இடப்பக்கம் திரும்பினால் செர்ரித் தோட்டம்.
அதைத் தாண்டி ஒரு கறுப்பு நாய் இருக்கும்,
பார்த்துப் போங்கள்.

அந்த நாய்க்குப் பெயர் வைத்ததே நான்.

இருந்தும்
அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டேன்.
இடப்பக்கம்தானே என்று
இன்னொரு தடவை விசாரித்தும் கொண்டேன்.